சத்தம் கேட்குதா அப்பா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பகல், ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் நகராத வாகன வரிசைக்கு நடுவில் எங்கள் வீட்டு லேண்ட் ரோவர் பொங்கிவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆளுயரத்துக்கு வெள்ளைப் புகை. பக்கத்தில் மோட்டாரில் போன நம்மவர் ஒருவர் தலையைத் திருப்பி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திவிட்டுப் போனார். சிரித்திருக்கலாம். எனக்குத்தான் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம் இருந்தது.

அந்தக் குழப்பத்தின் காரணம் எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஒரு ஃபேன் வாங்கி, அதைத் தப்பாக மாட்டி, சரியாக மாட்டி, கடைசியில் கழற்றியும் ஆயிற்று. இந்த வாரம் அந்தக் கதைதான்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1965ஆம் ஆண்டு சீரிஸ் டூ ஏ லேண்ட் ரோவர். 88 அங்குல நீளச் சக்கர இடைவெளி, 2,286 சிசி பெட்ரோல் இன்ஜின். குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் துரையின் வண்டியாக இருந்தது. என் தாத்தா அதற்கு டிரைவர். அப்பா அதே தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டர். எண்பதுகளில் தோட்டம் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, லேண்ட் ரோவர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா இன்றுவரை அதைச் "சக்களத்தி" என்றுதான் சொல்வார்.

இந்த வண்டிக்கும் இந்த மண்ணுக்கும் ஒரே வயது என்று அப்பா சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான் என்றாலும் காரணம் இல்லாமல் இல்லை. லேண்ட் ரோவர் முதன்முதலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்டது 1948 ஏப்ரல் 30 அன்று. ஏழே வாரத்தில், ஜூன் 18 அன்று, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. போருக்குப் பிந்திய இரும்புப் பஞ்சத்தால் அலுமினியக் கலவைத் தகட்டில் உடம்பு செய்யப்பட்ட அந்த வண்டி, அவசரகாலம் முடிந்த 1960 வரை இங்குள்ள தோட்டச் செம்மண் பாதைகளில் ராணுவத்தோடும் போலீசோடும் துரைமாரோடும் ஓடியது. பால்வெட்டுக்குப் போன நம் பாட்டிமார் அதன் சத்தத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்களாம்.

அந்தக் காலத்திலேயே இன்னொரு பயணமும் நடந்தது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இளைஞர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச் 6ஆம் தேதி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். தரைவழியாகச் சிங்கப்பூர் போக வேண்டுமென்றால் ஜொகூரைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? அந்த இரண்டில் 'ஆக்ஸ்ஃபர்ட்' என்று பெயரிட்ட வண்டி பல ஆண்டுகள் கழித்து மீட்டெடுக்கப்பட்டு, 2019 ஆகஸ்ட் 25 அன்று சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பப் புறப்பட்டது. முதல் பயணத்தில் போன டிம் ஸ்லெசருக்கு உடல்நலம் இடம் கொடுக்காததால், அவர் இடத்தில் பேரன் ஏறிக்கொண்டார். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து அப்பாவுக்கும் ஓர் ஆசை. லண்டனுக்கு அல்ல, குளுவாங்குக்கு.

நாங்கள் பிறந்த தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டுவிட்டது. மாரியம்மன் கோயிலை அடுத்த ஆண்டு வேறு நிலத்துக்கு மாற்றப் போகிறார்கள். பழைய இடத்தில் இதுதான் கடைசித் திருவிழா. முன்பெல்லாம் அம்மன் ரதத்துக்கு முன்னால் துரையின் லேண்ட் ரோவர் போகும், தாத்தா ஓட்டுவார். இந்தக் கடைசி ஊர்வலத்தில் அதே வண்டி போக வேண்டும் என்று கோயில் தலைவர் கேட்டார். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். சொல்லி நான்காவது நாள்தான் ஸ்கூடாயில் பொங்கல் வைத்தோம்.

வண்டி சூடானதும் நான் செய்த முதல் வேலை ஃபேனைக் குறை சொன்னது. பானட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்குப் பின்னால் நான்கு இறக்கை இரும்பு ஃபேன். அறுபது வருடத்துப் பழசு. "இந்தக் காலத்துல யாருப்பா இத வச்சிருக்காங்க? மைவியிலகூட எலெக்ட்ரிக் ஃபேன்தான்" என்றேன். அப்பா ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "வேணாம்." காரணம் கேட்டதற்கு, "இரும்பு ஃபேன்னா சத்தம் சொல்லும். காதால கேட்டே காடிக்கு என்னன்னு கண்டுபிடிச்சிடலாம்" என்றார்.

நான் கேட்கவில்லை. ஹாஃப் கட் கடை ஒன்றில், சிறிய ஜப்பானியக் காரிலிருந்து கழற்றிய எலெக்ட்ரிக் ஃபேனை 180 வெள்ளிக்கு வாங்கினேன். பக்கத்துப் பட்டறையில் பழையதைக் கழற்றி, புதியதை ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டி, டேஷ்போர்டில் ஒரு வெப்பமானியும் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் வண்டியில் அதுவரை வெப்பமானியே கிடையாது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் விர்ரென்று சுற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீடு வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. முன்பைவிட மோசம்!

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மேசையிலிருந்து போன வார ஞாயிறு மலரை எடுத்தார். (ஆமாம், நீங்கள் கையில் வைத்திருக்கும் இதே மலர்தான்.) ஒரு தாளைக் கிழித்து, இன்ஜினை ஓட விட்டு, கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் தாளோ பறந்து போய் ரோஜாத் தொட்டியில் விழுந்தது. அதில் இருந்தது என்னுடைய பத்தி என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. இன்றைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைத்தான் வண்டி உடம்போடு இணைப்பார்கள். அக்கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனை உடம்பில் இருக்கும், எங்களுடையதும் அப்படித்தான். பட்டறைப் பையன் வழக்கம்போலக் கறுப்பு வயரை உடம்பில் இணைத்திருக்கிறான். மின்சாரம் மோட்டாருக்குள் எதிர்த்திசையில் போய், வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றோடு ஃபேன் மல்லுக்கட்டியது. அப்பா இரண்டு வயரையும் மாற்றினார். இரண்டு நிமிட வேலை. தாள் கிரில்லில் பல்லியைப் போல ஒட்டிக்கொண்டது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மறு வாரம் இரவு, தெப்ராவ் சாலையில் மழை. வாகனங்கள் நத்தையாக ஊர்ந்தன. விளக்கு, வைப்பர், ஃபேன் மூன்றும் ஓடின. விளக்கு மெல்ல மெல்ல மஞ்சளாகி, அகல் விளக்கைப் போல ஆனது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசித்தது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றிரவு அப்பா ரசீதுக்குப் பின்னால் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு, பழைய வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் பயன்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

இந்த வண்டியில் மின்சாரம் தருவது டைனமோ. முழு வேகத்தில் சுற்றினால் அதிகபட்சம் ஏறக்குறைய 22 ஆம்பியர். முன்விளக்குகளுக்கு 8 முதல் 10 வரை போய்விடும். வைப்பர், பின்விளக்கு, இக்னிஷன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 6 அல்லது 7. மிச்சம் ஐந்தாறு ஆம்பியர். எலெக்ட்ரிக் ஃபேன் கேட்பதோ 10 முதல் 15. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வண்டி நின்ற இடத்தில் நிற்கும்போது டைனமோ அனேகமாக ஒன்றுமே தராது. ஆனால் ஃபேன் அதிகமாகத் தேவைப்படுவதே நிற்கும்போதுதான்! வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஆக, வரவு இல்லாத நேரம் பார்த்துச் செலவு. மாதக் கடைசியில் கல்யாணம் வைத்த மாதிரி.

"அப்ப எலெக்ட்ரிக் ஃபேன் கெட்டதா?" என்று கேட்டேன். "எந்த ஃபேனும் கெட்டதில்ல. எந்த காடிக்கு, எந்த வேலைக்குன்னு பாக்கணும்" என்றார். அவர் சொன்னதைத் தொகுத்தால் இவ்வளவுதான்.

பெல்ட்டில் ஓடும் இரும்பு ஃபேன் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். சுவிட்ச், வயர், ஃபியூஸ் எதுவும் இல்லை என்பதால் கெட்டுப்போக அதிகம் இல்லை. ஆனால் தேவையில்லாத நேரத்திலும் சுற்றும், இன்ஜின் சக்தியில் கொஞ்சம் தின்னும், சத்தம் போடும். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரை வாரி இன்ஜின் மேல் இறைத்து, இக்னிஷனை நனைத்து வண்டியை நிறுத்திவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஆழமான தண்ணீரில் இறங்குமுன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். இலேசான பிளாஸ்டிக் ஃபேனாக இருந்தால், தண்ணீரின் எதிர்ப்பில் இறக்கை முன்னால் வளைந்து ரேடியேட்டரையே கீறிவிடவும் கூடும்.

இரண்டாவது, ஹைலக்ஸ் போன்ற வண்டிகளிலும் பிந்திய டிஃபெண்டர்களிலும் இருக்கும் விஸ்கஸ் ஃபேன். இதன் நடுவே சிலிக்கான் எண்ணெய் நிரம்பிய ஒரு குடுவை இருக்கும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால்தான் அந்த எண்ணெய் ஃபேனைப் பிடித்து முழுசாகச் சுற்ற வைக்கும். இல்லையென்றால் பாதி சும்மா வழுக்கும். சத்தமும் எரிபொருளும் மிச்சம். ஆனால் குடுவைக்கு இடம் வேண்டும். எங்கள் வண்டியில் வாட்டர் பம்ப்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அந்த இடம் இல்லை.

மூன்றாவது எலெக்ட்ரிக். நம் சாகாவும் மைவியும் வேறு வழியில்லாமல் இதை வைத்திருக்கின்றன. அவற்றில் இன்ஜின் குறுக்கே படுத்திருப்பதால் பெல்ட் முனை சக்கரத்தைப் பார்க்கிறது, ரேடியேட்டரைப் பார்ப்பதில்லை. பழைய வண்டியில் ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தால் இது நல்ல தேர்வு. காட்டுப் பாதையில் ஆற்றைக் கடப்பவர்கள் ஒரு சுவிட்சில் நிறுத்திக்கொள்ளலாம். மாட்டினால் ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்க விடுவது நல்லது. முன்னால் மாட்டினால் ஃபேனே எதிர்க்காற்றை மறைக்கும். கனமான வயரும், ரிலேயும், சரியான ஃபியூஸும் இல்லாமல் போடவே கூடாது.

எந்த ஃபேன் என்றாலும் அதைச் சுற்றி ஒரு தகரக் கூண்டு வேண்டும். ஷ்ரவுட் என்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றிய காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும். ரேடியேட்டரின் மூலைகளுக்குக் காற்றே போகாது. எங்கள் வண்டியில் அந்தக் கூண்டு எப்போதோ துருப்பிடித்துத் தூக்கி எறியப்பட்டிருந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு அப்பா ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கு ஸ்கூடாய்ல பொங்குறதுக்கு முன்னால ஏதாச்சும் சத்தம் வந்துச்சா?"

வந்தது. நன்றாக நினைவிருந்தது. கூலாயிலிருந்தே முன்னால் ஒரு கீச்சுச் சத்தம், எலி கத்துவதைப் போல. பழைய வண்டி, அப்படித்தான் கத்தும் என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை.

"அது பெல்ட்டு" என்றார் அப்பா. "தளந்து வழுக்கியிருக்கு. அந்த ஒரே பெல்ட்டுதான் ஃபேனையும் சுத்துது, வாட்டர் பம்ப்பையும் சுத்துது. ஃபேன் மேல ஒரு குத்தமும் இல்லம்மா."

கொஞ்ச நேரம் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அந்தச் சத்தம் கேக்கல."

வாசகர்களே, நான் வானொலியில் வேலை செய்கிறேன். தினமும் காலையில் நான்கு மணி நேரம் பேசுகிறேன். வீட்டில் என் நிகழ்ச்சி ஓடும்போது, அப்பா வானொலியை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொள்வார். மகள் பேசுகிறாள் என்ற பாசம் என்று நினைத்திருந்தேன். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டியபோது வயதாகிறது என்று சிரித்தேன். ஆயிரக்கணக்கானவர்கள் என்னைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், பக்கத்திலிருப்பவருக்குக் கேட்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. காதால் இன்ஜினுக்கு வைத்தியம் பார்த்த மனிதர் அவர். அன்று புகைக்கு நடுவில் அவர் முகத்தில் இருந்த குழப்பம் அதுதான். வண்டி தன்னிடம் சொல்லாமல் இப்படிச் செய்துவிட்டதே என்று நினைத்திருக்கிறார்.

அதன் பிறகு முடிவு எடுப்பது சுலபமாக இருந்தது. ஊர்வலம் என்பது மூன்று மணி நேரம் மனிதர் நடக்கும் வேகம். இருட்டும் நேரம், விளக்கு எரிய வேண்டும். எதிர்க்காற்று கிடையாது. எங்கள் டைனமோவுக்கும் எலெக்ட்ரிக் ஃபேனுக்கும் இதைவிடப் பொருந்தாத வேலை இல்லை. ஆல்டர்னேட்டர் மாற்றலாம்தான், ஆனால் வண்டியின் மொத்த இணைப்பையும் நெகட்டிவுக்குத் திருப்ப வேண்டும், நாளும் போதாது. பழைய இரும்பு ஃபேன் திரும்பி வந்தது. மாட்டுமுன் இறக்கைகளில் விரிசல் இருக்கிறதா என்று அப்பா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எடை சமமில்லாத ஃபேன் வாட்டர் பம்ப்பின் அச்சைத் தின்றுவிடும் என்றார். புது பெல்ட் போட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குள் அமுங்கும்படி இறுக்கினோம். ரேடியேட்டர் கடையில் குழாய்களைச் சுத்தம் செய்தோம். பாதி மண்ணால் அடைத்திருந்தது. தகரக் கடையில் அளவு கொடுத்துப் புதுக் கூண்டு செய்தோம். வெப்பமானியை மட்டும் கழற்ற அப்பா விடவில்லை. "இது இருக்கட்டும். கண்ணாவது பாக்கும்" என்றார்.

போன சனிக்கிழமை பழைய சாலையில் கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம் வழியாகப் போனோம். நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில், கையை டேஷ்போர்டின் மேல் வைத்தபடி. ஊர்வலத்தில் கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டாதே என்று சொல்லி, சிவப்புக் குமிழ் போட்ட சிறிய கியரைப் போட வைத்தார். அதில் முதல் கியரில் வண்டி நடை வேகத்தில் போகும். இன்ஜின் மட்டும் நல்ல சுற்றில் இருக்கும். இன்ஜின் சுற்றினால் ஃபேன் சுற்றும், பம்ப் ஓடும், டைனமோவும் விளக்குக்கு வேண்டியதைக் கொடுக்கும். தாத்தா அப்படித்தான் ஓட்டினாராம்.

பின்னால் உறுமி மேளம். செம்பனைக்கு நடுவே இடிந்த லயத்து வீடுகள். எங்கிருந்தெல்லாமோ வந்திருந்த தோட்டத்துச் சனம், முகத்தைப் பார்த்து அப்பன் பெயரைச் சொல்லி அடையாளம் கேட்டது. மூன்று மணி நேரம் முள் நடுவிலேயே நின்றது.

கோயிலை நெருங்கும்போது அப்பா என் பக்கம் குனிந்து, "சத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் அவர் காதருகே போய், என் தொழிலைச் செய்தேன். ஃபேன் ஒரே சீராக இரைகிறது, பெல்ட் கீச்சிடவில்லை, வலது பக்கம் ஏதோ ஒரு தகரம் மட்டும் இலேசாக ஆடுகிறது என்று நேர்முக வர்ணனை கொடுத்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர், "அது மட்கார்டு போல்ட்டு. நாளைக்கு முடுக்கிடலாம்" என்றார். காது பரிசோதனைக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறோம். வருகிறேன் என்று அவரே சொன்னார்.

கடைசியாக, மைவி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெப்பமுள் ஏறினால் ஏர்கோனை அடைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். எங்கள் வண்டியின் ஒன்பது பவுண்டு மூடிக்குக் கீழேயே தண்ணீர் ஏறக்குறைய 114 டிகிரிவரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த கணம் முகத்தில் பாயும். ஆறிய பிறகு பாருங்கள். உடனே ஃபேனைக் குறை சொல்லாதீர்கள். முதலில் தண்ணீர் அளவு, அப்புறம் பெல்ட் அல்லது ஃபியூஸ், அப்புறம் ஃபேன்.

பக்கத்து இருக்கையில் வயதானவர் இருந்தால், உங்களுக்குக் கேட்கும் சத்தத்தை அவரிடமும் சொல்லுங்கள். அது என்ன சத்தம் என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.